கை கோணலா, தரை கோணலா

எங்க வூட்டுக்காரரு ராஜாங்கத்தப் பத்திக் கேட்டா, தெருவுல எல்லாரும் "அந்த கோல்ஃப்காரரா?"ன்னு சிரிப்பாங்க. சிரிக்கட்டும். மில்லு மூடுனப்புறம் கொத்து வேலை, பெயிண்டு வேலைன்னு அலைஞ்ச மனுசன். போன வருசந்தான் நோணாங்குப்பம் போற வழியில ஒரு ரிசார்ட்டுல வேலை கெடச்சுது. நானும் அங்கதான் ரூம் பெருக்கறேன்.

விருந்தாளிங்க வெளயாட அங்க ஒரு புல்தரை போட்டாங்க. மட்டையால பந்தத் தட்டி, தரையோட உருட்டி, குழியில தள்ளணும். அவ்ளோதான் ஆட்டம். அந்த எடத்துல முன்ன ஒரு பழைய கெணறு இருந்துச்சு. அத மண்ணு போட்டுத் தூத்தது எங்க வூட்டுக்காரருதான்.

கெணத்தத் தூத்தா, அது மூச்சு வுட ஒரு குழாய் வெக்கணும். எங்க பக்கம் அப்படித்தான். இவரும் வெச்சாரு. புல்லுக்கு நடுவுல குழாய் இன்னா அசிங்கம்னு காண்ட்ராக்டரு கத்துனான். இவரு மறுபேச்சு பேசாம குழாய அறுத்து, சாக்க அடைச்சு, சிமெண்டு பூசிட்டாரு. அன்னிக்கு அவருக்கு சோறு எறங்கல. "வாயப் பொத்திப் பொதச்ச மாதிரி இருக்குடி"ன்னாரு. "போய்யா, கெணறு வந்து உன்னக் கேள்வி கேக்கப் போவுதா?"ன்னேன். என் வாயில மண்ணு வுழ.

புல்லு வளந்ததும் அத வெட்டற வேலையும் இவருக்கே வந்துச்சு. மேனேஜரு ஷஃபீக் நல்ல புள்ள. "காலையில வெட்டி முடிச்சதும் நீங்களும் தட்டிப் பாருங்கண்ணே"ன்னு ஒரு பழைய மட்டையக் குடுத்தாரு. இவரு தட்டுனா, பந்து குழிகிட்ட வரைக்கும் போயி வலப்பக்கமா வளையும். எப்பவும் ஒரே எடத்துல போய் நிக்கும். கெணத்து வாய் இருந்த எடம் அது.

"மணிக்கட்டு ஆடுதுண்ணே"ன்னு ஷஃபீக் போன்ல வீடியோ போட்டுக் காட்டுனாரு. கண்ணு பந்துக்கு நேர் மேல இருக்கணும், மணிக்கட்டு அசையக்கூடாது, தோளு மட்டும் ஊஞ்சலாட்டம் போய் வரணும். பந்து போனப்புறமும் தலையத் தூக்கக்கூடாது. அப்பப் புடிச்சுது இவருக்குப் பைத்தியம்! வூட்டுல டைல்ஸு கோட்டு மேலயே உருட்டி, படுக்கப் போட்ட சொம்புக்குள்ள வுடுவாரு. பத்துக்குப் பத்து. அங்க போனா ஒண்ணு வுழாது. "ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம்"னு கிண்டல் பண்ணுவேன். சிரிக்கவே மாட்டாரு.

எட்டு மாசம். கை படியப் படிய பந்து இன்னும் சீக்கிரமா வளைஞ்சுது. ஒருநாள் விடிகாலையில தொடப்பத்தோட போறேன், புல்லு மேல காத வெச்சுப் படுத்துக் கெடக்காரு. "இன்னாய்யா?"ன்னேன். "நீயே கேளு." நானும் குனிஞ்சு காத வெச்சேன். உள்ள யாரோ மூச்ச இழுக்கறாங்க. இழுக்கறாங்க, இழுக்கறாங்க, வுடவே இல்ல.

"சார், அங்க தரை உள்வாங்குது"ன்னு இவரு போய் சொன்னாரு. ஷஃபீக் ரசமட்டம் வெச்சுப் பாத்தாரு. கொமுழி நடுவுல அசையாம நின்னுச்சு. "தரை சரியாத்தான் இருக்கு, கையத்தான் பாருங்கண்ணே"ன்னு தட்டிக் குடுத்துட்டுப் போயிட்டாரு.

போன ஞாயித்துக்கெழம விருந்தாளிங்களுக்குப் போட்டி வெச்சாங்க. முடிஞ்சதும் குழியச் சுத்தி இருவது பேரு நின்னு போட்டோ எடுக்கணுமாம். எல்லாரும் வந்து நிக்கற நேரம், இவரு மட்டையோட முன்னால போனாரு. "சார், ஒரே ஒரு தட்டு. குழியில வுழுந்தா என் கைதான் தப்பு, வாயத் தொறக்க மாட்டேன். வளைஞ்சா யாரையும் அங்க நிக்க வுடாதீங்க."

"சரி, தட்டுங்கண்ணே"ன்னு ஷஃபீக் சிரிச்சுக்கிட்டே குழியில நட்டிருந்த கொடியப் புடுங்கிக்கினு, பாவி மவன், கெணத்து வாய் இருந்த அந்த எடத்துலயே போய் நின்னாரு.

இவரு தட்டுனாரு. மணிக்கட்டு அசையல, தலை தூக்கல. பந்து நூல் புடிச்சாப்புல போச்சு. குழிக்கு ஒரு சாண் இருக்கறப்போ வளைஞ்சு, ஷஃபீக் ஷூ மேல இடிச்சு நின்னுச்சு. அப்புறம் அந்தப் பந்து தானாவே கெளம்புச்சு. மெதுவா ஷூவச் சுத்தி உருண்டுச்சு.

இவரு மட்டையப் போட்டுட்டு ஓடி, ஷஃபீக்க சட்டையோட புடிச்சு இழுத்தாரு. ரெண்டு பேரும் மல்லாக்க வுழுந்தாங்க. அவரு நின்ன எடத்துல மொறத்தகலத்துக்குப் புல்லு பந்தோட சத்தமில்லாம உள்ள போச்சு. பந்து வுழற சத்தத்துக்குக் காத்துக்கிட்டு நின்னோம். சத்தமே வரல. குளுந்த காத்துதான் வந்துச்சு, நீளமா, மக்குன சாக்கு நாத்தத்தோட.

ஷஃபீக் எந்திரிச்சு இவரு கையப் புடிச்சாரு. "உங்க கைய நான் சந்தேகப்பட்டேனேண்ணே."

இவரு தேம்பித் தேம்பி அழுதாரு. "அதோட வாய அடைச்சதே இந்தக் கைதான் சார். எட்டு மாசமா எதுக்குப் பழகுனேன்னு நெனைக்கறீங்க? ஒரு பந்தாவது குழியில வுழுந்தா, தப்பு என் கையிலதான், கெணத்துல இல்லன்னு நிம்மதியா தூங்கலாம்னுதான்."