இருபத்தாறு கைகள்

ஜெசிதா என்ன படிக்கிறாள் என்பது குருநகரில் அவளுடைய வீட்டாருக்கு நான்காம் வருடத்திலும் சரியாக விளங்கவில்லை. கல்விமாணிப் பட்டம், தொழினுட்பப் பிரிவு என்று அவள் சொல்லுவாள். காலையில் பிள்ளைகளின் உளவியல், பின்னேரம் மின்சுற்று. ஒரு கிழமை பாடக்குறிப்பு எழுதுவது, அடுத்த கிழமை சுவரில் குழாய் பதித்து வயர் இழுப்பது. கோயிலடியில் யாரும் விசாரித்தால் தாய் அற்புதராணி, "ரீச்சருக்குத்தான் படிக்கிறாள்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து மகளைப் பிடிப்பாள்.

"உண்மையைச் சொல்லு பிள்ளை. முடிச்சு வரேக்கை நீ ரீச்சரோ, வயர்மனோ?"

"ரெண்டும்தான் அம்மா."

"ரெண்டும் எண்டு ஒரு வேலை எங்கை இருக்கு? உன்னை ஆரோ ஏமாத்துறாங்கள்."

எதையும் ஒரே தரத்தில் நம்பாத குணம் தாயிடமிருந்துதான் ஜெசிதாவுக்கு வந்திருக்க வேண்டும். வயரில் மின்சாரம் இல்லை என்று ரெஸ்ரர் என்ற சோதனைக் கருவி காட்டினால் அவள் உடனே கை வைக்கமாட்டாள். மின்சாரம் இருக்கிறதென்று நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் முதலில் ரெஸ்ரரை வைத்துப் பார்ப்பாள். அங்கே ரெஸ்ரரின் விளக்கு எரிந்தால், வயருக்கு வருவாள். வயரைப் பார்த்தபின் திரும்பவும் பழைய இடத்துக்கே போய்ப் பார்ப்பாள், இடையில் ரெஸ்ரர் பழுதாகியிருக்கலாம் என்று. இந்த முறையை எல்லோருக்கும்தான் படிப்பித்தார்கள். ஒருநாளும் தவறாமல் செய்தவள் அவள் ஒருத்திதான். "இவள் மாப்பிள்ளையையும் மூண்டு தரம் செக் பண்ணித்தான் கட்டுவாள்" என்று கூடப் படித்தவர்கள் சிரிப்பார்கள்.

அப்படிப்பட்டவள் மூன்றாம் வருடக் கற்பித்தல் பயிற்சியில் தவறிவிட்டாள். பாடத்தில் பிழையில்லை. மாணவர் பங்கேற்பு போதாது என்று எழுதியிருந்தார்கள். அவள் கேள்வி கேட்டபோது வகுப்பு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான்காம் வருடத்தில் இன்னொரு முறை தந்தார்கள். அதிலும் தவறினால் அடுத்த வருடக்காரருடன்தான் பயிற்சி. தன்னோடு படித்தவர்கள் நியமனக் கடிதத்துடன் போவதை அவள் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

இம்முறை மானிப்பாய்ப் பக்கம் ஆணும் பெண்ணும் படிக்கும் ஒரு கலவன் பாடசாலை, பத்தாம் தரம், இருபத்தாறு பிள்ளைகள். அந்த வகுப்பின் நிரந்தர ஆசிரியர் எமில்ராஜ் கடைசி வரிசை வாங்கில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். முதல்நாள் ஜெசிதா ஒரு கேள்வி கேட்டாள். இருபத்தாறு கைகளும் எழும்பின. அடுத்த கேள்விக்கும் இருபத்தாறு.

"பாத்தீரே? என்ரை பிள்ளையள் நல்லாப் பங்கெடுப்பினம்" என்றார் எமில்ராஜ்.

வேறு யாரும் என்றால் அன்று நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பார்கள். ஜெசிதா அந்தக் கைகளை யோசித்துக்கொண்டே ஏறினாள். கை தூக்கிய பிள்ளைகளில் பாதிப்பேர், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் எழுந்து ஊமையாக நின்றார்கள். பிறகு எதற்காகக் கை தூக்கினார்கள்? தன்னைப் பகிடி பண்ணுகிறார்களா? எமில்ராஜ் ஏதாவது சொல்லி வைத்திருக்கிறாரா? மூன்று கிழமையாக இதே யோசனை.

மேற்பார்வையாளர் வியாழக்கிழமை வருவதாக அறிவித்தார்கள். செவ்வாய்க்கிழமை எமில்ராஜ் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்த நேரம், ஜெசிதா ரெஸ்ரரைச் சோதிப்பதுபோல வகுப்பைச் சோதித்தாள். ஆளி ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினாள். வீட்டில் லைற் போடும் சாதாரண ஆளி.

"இதுக்குள்ளை எத்தனை காந்தம் இருக்கு?"

அதற்குள் காந்தமே இல்லை. அதைப்பற்றி அவள் படிப்பிக்கவுமில்லை. இருபத்தாறு கைகள் எழும்பின. இந்தமுறை அவள் முகங்களைப் பார்க்காமல் கைகளைப் பார்த்தாள். ஒன்று தவிர எல்லாம் இடக்கை.

"சரி, இறக்குங்கோ. ஒரு கிழமைக்கு எத்தனை நாள்?"

இருபத்தாறு கைகள். ஒன்று தவிர எல்லாம் வலக்கை.

அந்த ஒன்று முன்வாங்கில் இருந்த கஜந்தினியுடையது. எல்லோரும் இடக்கை தூக்கியபோது வலக்கையும், எல்லோரும் வலக்கை தூக்கியபோது இடக்கையும் தூக்கியவள் அவள்தான்.

"கஜந்தினி, கிழமைக்கு எத்தனை நாள் எண்டு உமக்குத் தெரியாதே?"

"தெரியும் ரீச்சர். ஏழு."

"பிறகேன் இடக்கை?"

"நான் இடக்கையாலை எழுதுறனான் ரீச்சர். எனக்கு மட்டும் மாறி."

"என்ன மாறி?"

பின்வரிசை வாங்கிலிருந்து ஒருவன், "போச்சு! உவள் எல்லாத்தையும் கொட்டிப்போட்டாள்" என்றான். கஜந்தினி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு எல்லாம் வெளியே வந்தது. தெரிந்தால் வலக்கை, தெரியாவிட்டால் இடக்கை. வெளியாட்கள் வந்து பார்க்கும்போது எல்லாக் கையும் மேலே நிற்கும். ஆசிரியர் வலக்கைக்காரரை மட்டும் கேட்பார். ஜெசிதாவும் அவர்களுக்கு வெளியாள்தான். அவளுக்கு மட்டும் யாரும் இதைச் சொல்லவில்லை.

எமில்ராஜ் திரும்பி வந்ததும் அவள் நேரே கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை.

"ஓம், நான்தான் பழக்கினனான். தெரியாத பிள்ளையை நாலு பேருக்கு முன்னாலை எழுப்பி வெட்கப்படுத்தச் சொல்லுறீரே?"

"இல்லை சேர். ஆனா ஆருக்கு விளங்கேல்லை எண்டு..."

"வாறவை கையைத்தான் எண்ணுவினம். போனமுறை உமக்கு என்ன நடந்தது? வலக்கையைப் பாத்துக் கேளும். பாஸ் பண்ணிக்கொண்டு போம்."

அவருடைய குரலில் அக்கறை இருந்தது. அதுதான் அவளை இன்னும் சந்தேகப்பட வைத்தது. புதன்கிழமை பிள்ளைகளிடம், "நாளைக்குத் தெரிஞ்ச ஆக்கள் மட்டும் கை தூக்குங்கோ" என்றாள். எல்லோரும் ஓம் என்றார்கள். ஓம் என்று அவ்வளவு வேகமாகச் சொன்னதையும் அவள் நம்பவில்லை.

வியாழக்கிழமை வந்தவர் விரிவுரையாளர் முத்துக்குமாரு. மெலிந்த மனிதர், சிரிப்பதில்லை. பாடம் இருவழி ஆளி: படிக்கட்டின் கீழே போட்ட லைற்றை மேலே நின்று அணைப்பது எப்படி. பலகை ஒன்றில் இரண்டு ஆளிகளும் ஒரு மின்குமிழும் பூட்டிக் கொண்டுவந்திருந்தாள். முதல் ஆளியைத் தட்டி எரிய வைத்து, இரண்டாவதைத் தட்டி அணைத்தாள்.

"லைற் ஏன் நூந்தது?"

இருபத்தாறு கைகளும் எழும்பின. அவளுக்காகத்தான் தூக்கினார்கள். முகங்களைப் பார்த்தாலே தெரிந்தது. இடக்கைகள்தான் கூடுதல். முத்துக்குமாரு முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்குத் தெரியும் என்று அவளுக்குப் பட்டது. எமில்ராஜ் சொல்லியிருப்பாரோ?

முன்வாங்கில் கஜந்தினியின் வலக்கை நின்றது. அவளுக்கு அது தெரியாத கை.

"கஜந்தினி, சொல்லும்."

வலக்கைப் பிள்ளையைக் கூப்பிட்டதைக் கண்டதும் முத்துக்குமாரு தலையை ஆட்டிக்கொண்டு பேனையை எடுத்தார். பின்னால் எமில்ராஜ் வாங்கைப் பிடித்துக்கொண்டார்.

கஜந்தினி எழுந்தாள். ரீச்சர் மறந்துபோனாவோ என்பதுபோல் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாது ரீச்சர்."

"நல்லது. எவ்வளவு மட்டும் தெரியும்?"

"முதல் ஆளி மட்டும். ரெண்டு ஆளிக்கும் நடுவிலை ஏன் ரெண்டு வயர் போகுதெண்டு விளங்கேல்லை."

"எனக்கும் அதுதான்" என்றது ஓர் இடக்கை. பிறகு இன்னொன்று. ஜெசிதா பலகையைத் திருப்பி, பின்பக்க வயர்களைக் காட்டி முதலிலிருந்து தொடங்கினாள். கஜந்தினியே வந்து ஒரு வயரைக் கழற்றி, லைற் எரியாமல் போவதைப் பார்த்தாள். மணி அடித்தபோது பாடக்குறிப்பின் பாதிதான் முடிந்திருந்தது.

வகுப்பு வெளிக்கிட்டபின் முத்துக்குமாரு படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நானும் இருபது வருஷம் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சனான், இந்தக் கை வித்தை எனக்குத் தெரியும். நீர் வலக்கையைக் கூப்பிடேக்கை உம்மைப் பிடிச்சிட்டன் எண்டு நினைச்சன். அந்தப் பிள்ளைக்கு ஏன் தெரியேல்லை?"

"அவ இடக்கைக்காரி சேர். அவவுக்கு வலக்கை எண்டால் தெரியாது."

"அப்ப உமக்குக் கை விசயம் தெரியும்."

"செவ்வாய்க்கிழமையிலை இருந்து தெரியும் சேர்."

"தெரிஞ்சுகொண்டுதான் தெரியாத பிள்ளையைக் கேட்டீரோ?"

"தெரிஞ்ச பிள்ளைக்குத் திருப்பிப் படிப்பிச்சு என்ன சேர்?"

அவர் நெடுநேரம் எழுதினார். படிவத்தைத் திருப்பி அவளிடம் காட்டினார். நேர முகாமைத்துவம் குறைவு. மாணவர் பங்கேற்பு, போனமுறை போலவே குறைவு. மாணவரின் விளக்கத்தை அறிதல் என்ற வரியில் முழுப் புள்ளி. கூட்டிப் பார்த்தால் பாஸ், மூன்று புள்ளியால். அவள் அவருக்கு முன்னாலேயே இன்னொருமுறை கூட்டினாள்.

"சரியோ?" என்றார்.

"ஓம் சேர்."

வெள்ளிக்கிழமை அதே பலகையுடன் வகுப்புக்குப் போனாள். எமில்ராஜ் கடைசி வாங்கில் இருந்தார். நேற்றிலிருந்து அவர் அவளுடன் கதைக்கவில்லை.

"கிழமைக்கு எத்தனை நாள்?"

சிரிப்போடு இருபத்தாறு கைகள்.

"நேற்று ரெண்டாவது ஆளியிலை லைற் ஏன் நூந்தது?"

இப்போது எழும்பியவை ஒன்பது கைகள்தான். அவற்றில் இடக்கை ஒன்று, கஜந்தினியுடையது. மற்றவர்கள் கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். ஜெசிதா எண்ணினாள், திரும்ப எண்ணினாள்.

"கிழமைக்கு எத்தனை நாள்?"

இருபத்தாறு.

அதன்பிறகுதான் அவள் அந்த ஒன்பதை நம்பினாள். வெண்கட்டியை எடுத்து, மற்றப் பதினேழு பேருக்காகச் சுற்றைக் கரும்பலகையில் புதிதாகக் கீறத் தொடங்கினாள்.