பதினோரு நிமிஷத்தில் ஒரு மிஷின்

எங்கள் அலுவலகத்தில் அவரை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம், மேனேஜர் உட்பட. அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டால் வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் பாருங்கள்! ஒன்பது வருஷமாக அவர் ஒப்பந்த ஊழியர். வருஷம் முடிந்தால் ஒரு தாளில் கையெழுத்து, மறுபடி ஒரு வருஷம். வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் என்னை மூன்றாம் வருஷமே நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவருக்கு மட்டும் அது ஏன் கிடைக்கவில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

அக்காவின் வேலை, கணினிக்குள் கணினி செய்வது. கையால் தொடப் பெட்டி எதுவும் கிடையாது. எல்லாம் ஒரு ஃபைல்தான்; அதைத்தான் மிஷின் என்போம். ஏற்கெனவே செய்து வைத்த டெம்ப்ளேட் ஒன்று இருக்கும். அதை நகல் எடுத்து, வேண்டாததைக் கழற்றி, வேண்டியதைச் சேர்த்து, மூட்டை கட்டிக் கொடுப்பார். ஒரு மருத்துவமனை தன் இருபது கிளைகளின் பரிசோதனைக் கூடங்களுக்கும் இப்படிக் கிளைக்கு ஒன்று கேட்டது.

"இதை மட்டும் முடிச்சுக் குடுங்க அக்கா, உங்களை நிரந்தரமாக்கறது என் பொறுப்பு" என்றார் மேனேஜர்.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. "காய்ச்சல்னு ஒருநாள் படுக்கக்கூட பயமா இருக்குடி. இது கிடைச்சா போதும்" என்று என்னிடம் சொன்னார்.

மனுஷி படாத பாடு பட்டார். எத்தனை நகல் எடுத்தாலும் எல்லாம் ஒரே பெயரோடும் ஒரே நெட்வொர்க் முகவரியோடும் எழுந்து நின்றன. ஒரே முகவரியில் இரண்டு ஓடாது; ஒன்று வந்தால் இன்னொன்று விழுந்தது. அழித்தார், மறுபடி எடுத்தார், மறுபடி அதே கதை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குத் தூக்கிப்போன நாட்கள் உண்டு.

"தலையைப் பிச்சுக்கலாம் போல இருக்கு. எங்க தப்பு பண்ணினேன்னே தெரியலை" என்பார்.

தப்பு அவருடையதே இல்லை. டெம்ப்ளேட்டை யாரும் ஆன் செய்யக் கூடாது, நகலைத்தான் தொட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். பதினாறாம் நாள் பழைய பதிவுகளைப் புரட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. யாரோ ஒரு விருந்தாளிக்குக் காட்டுவதற்காக மேனேஜர் டெம்ப்ளேட்டையே ஆன் செய்து, அதற்கு ஒரு பெயரும் முகவரியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்; அதுவே எல்லா நகலிலும் ஒட்டிக்கொண்டது. கேட்டதற்கு, "சும்மா அஞ்சு நிமிஷம்தானே அக்கா!" என்றார். அடப்பாவி!

அக்கா சண்டை போடவில்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். உட்கார்ந்து டெம்ப்ளேட்டைச் சுத்தம் செய்தார், இனி யார் தொட்டாலும் கெடாதபடி பூட்டினார். இப்போது நகலை ஆன் செய்தால் அது நான்கே கேள்வி கேட்கும்: கிளையின் பெயர், நெட்வொர்க் முகவரி, பாஸ்வேர்டு, ரிப்போர்ட் போக வேண்டிய மெயில். மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். எல்லாம் முடிய மூன்று வாரம் ஆனது.

மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வந்த அன்று மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "இந்த வேலையே தெரியாதவங்க செஞ்சு காட்டட்டும்" என்றார். உட்கார்ந்தேன். நான்கு கேள்விக்கும் பதில் தட்டினேன். பதினோரு நிமிஷத்தில் முதல் கிளையின் மிஷின் தயார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"அட, இவ்வளவுதானா! இதை நானே பண்ணிடுவேனே சார்!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும்தான்.

திங்கட்கிழமை மேனேஜர் அக்காவிடம் பேசியது கண்ணாடிக் கதவைத் தாண்டி எனக்கும் கேட்டது.

"மீதி கிளையெல்லாம் வரவேற்புல இருக்கறவங்களே பார்த்துக்கட்டும் அக்கா. இவ்வளவு சுலபமான வேலைக்கு நிரந்தரமா ஒரு ஆள் வேணும்னு மேல எப்படிக் கேக்கறது? ஒப்பந்தமும் இந்த மாசத்தோட முடியுது..."

என் வாயில் கொள்ளியை வைக்க! வெளியே வந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "நான்தான் அக்கா உளறிட்டேன். எல்லாம் என்னாலதான்."

"நீ உளறலைடி. அவ்வளவு சுலபமா இருக்கணும்னுதானே மூணு வாரம் உசிரை விட்டேன்" என்றவர், தன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "உட்காரு. ரெண்டாவது கிளையை நான் இருக்கும்போதே போட்டுப் பார்த்துடு."