கிராபிக்ஸ் கார்டுக்குப் பூப் போட்டுக் கேட்டோம்

எங்கள் வீட்டில் கைதான் முதலில் பேசும், வாய் அப்புறம். அப்பா மண்வெட்டிக் காம்பால் பேசினார். நானும் தம்பியும் ஒருவர் சட்டையை ஒருவர் கிழித்தே வளர்ந்தோம். எனக்குச் சேதராப்பட்டில் ஷிப்ட் வேலை, அவனுக்கு வில்லியனூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை என்று ஆன பிறகும் அடிதடி நிற்கவில்லை. காரணம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

நடு அறையில் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் துப்பாக்கி கேம் ஆடுவோம். புதிதாக வந்த கேம்கள் அதில் திக்கித் திணறவே, இருவரும் காசு சேர்த்து உள்ளே இருக்கும் பாகங்களை மாற்றுவது என்று முடிவானது. எதை மாற்றுவது என்பதில்தான் வம்பு.

எனக்கு வேண்டியது பெரிய கிராபிக்ஸ் கார்டு, மூன்று விசிறி வைத்தது. அதை வாங்கினால் வேறு எதையும் தொட முடியாது. தம்பி ஒரு தாளில் தன் பட்டியலை எழுதிக்கொண்டு வந்தான்: நடுத்தரமான கார்டு, புது பிராசசர், அதற்கேற்ற மதர்போர்டு, ராம் இரண்டு, நல்ல பவர் சப்ளை.

"ஒரு பக்கம் எருமை, ஒரு பக்கம் கன்னுக்குட்டி கட்டி ஏர் ஓட்டுவியாண்ணா? அவ்ளோ பெரிய கார்டுக்கு நம்ம பழைய பிராசசர் ஈடு குடுக்காது. பவர் சப்ளையும் தாங்காது, ஆஃப் ஆயிடும்."

"எனக்கு நீ கிளாஸ் எடுக்காதடா."

அவன் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஆத்திரம் வந்தது. தாளைக் கிழித்து அவன் முகத்தில் எறிந்தேன். அவன் கீபோர்டை எடுத்து என் தோளில் போட்டான். நான் அவன் கழுத்தைப் பிடித்துப் பீரோவில் மோத, கண்ணாடி விரிசல் விட்டது. அம்மா நடுவில் புகுந்து இரண்டு பேரையும் துடைப்பத்தால் விளாசினாள்.

"அடிச்சிக்கிணு சாவாதீங்கடா. மாரியாத்தா கிட்ட பூ போட்டுக் கேளுங்க. அவ இன்னா சொல்றாளோ அத வாங்குங்க."

போர்வெல் போடுவதானாலும் பெண் எடுப்பதானாலும் எங்கள் ஊரில் பூப் போட்டுத்தான் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, ஒன்றில் வெள்ளை. அம்மன் காலடியில் இரண்டையும் வைத்து, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். சிவப்பு வந்தால் என் கார்டு, வெள்ளை வந்தால் அவன் பட்டியல் என்று பேச்சு. பொட்டலம் கட்டியது நான். இரண்டிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

தம்பி கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். பிரித்தான், சிவப்பு. கன்னத்தில் போட்டுக்கொண்டான். மற்றப் பொட்டலத்தை நான் கோயில் குளத்தில் எறிந்தேன்.

கார்டு வந்தது, தம்பியே மாட்டினான். படம் பளபளவென்று இருந்தது. ஆனால் கேமில் ஆட்கள் கூட்டமாக வரும் இடத்தில் நின்று நின்று ஓடியது. சண்டை சூடு பிடித்தால் மெஷின் பட்டென்று அணைந்தது. பவர் சப்ளை என்று அவன் சொல்லிக்காட்டுவான், அன்றைக்கு அவனை ஒரு கை பார்க்கலாம் என்று காத்திருந்தேன். அவன் சொல்லவே இல்லை. கார்டைக் கழற்றினான், துடைத்தான், மறுபடி மாட்டினான். ஆத்தா சொல்லிவிட்டாள், ஆகவே கோளாறு தன் கையில்தான் என்று நம்பினான். கடையில் வருஷக்கணக்காகக் கற்றதை ஒரு பூவுக்காக ஒதுக்கி வைத்தான். நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டத்தில் நானும் எதிரி ஒருவனும் மட்டும் மிச்சம் இருந்தபோது மெஷின் அணைந்தது.

"இன்னாடா மாட்டிக் கிழிச்ச?"

"இருண்ணா, கேபிள மாத்திப் பாக்கறேன்" என்று அவன் ஸ்க்ரூவைக் கழற்ற உட்கார்ந்தான். குனிந்த முதுகில் உதைத்தேன். எழுந்து வந்து என் வாயில் குத்தினான், உதடு பிளந்தது. ரத்தம் நாக்கில் பட்டதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் வலது கையை முறுக்கி இரும்புக் கட்டிலின் சட்டத்தில் அடித்தேன். கணுவில் கரும்பு முறியும் சத்தம் கேட்டது. அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். அந்தக் கையால்தான் கடையில் அவனுக்குப் பிழைப்பு. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா என்னைத்தான் சொல்வாள்.

கையைத் துண்டில் சுற்றி, பைக்கில் ஏற்றி அரியூர் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போனேன். டாக்டர் கேட்டதற்கு, "பாத்ரூம்ல வழுக்கிட்டேன் சார்" என்றான். எக்ஸ்ரேவுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது என் பக்கம் சாய்ந்து மெதுவாகப் பேசினான்.

"ஆத்தா சொன்னது தப்பாவாதுண்ணா. நான்தான் எங்கியோ தப்பா மாட்டிட்டேன். கை சரியாவட்டும், பிரிச்சிப் பாக்கறேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ரெண்டுலயும் செவப்புதான்டா வச்சேன்" என்றேன்.

அவன் என்னை அடித்திருக்கலாம். இடது கை சும்மாதான் இருந்தது.

"இன்னொண்ணப் பிரிச்சிப் பாக்கலாமான்னு அன்னிக்கே தோணிச்சி" என்றான். "நீ கட்டனதாச்சேன்னு விட்டுட்டேன்."

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுத் தனியாக உள்ளே போனான்.