பால் இறங்கவில்லை

இது ராத்திரியில் நடந்ததல்ல. பட்டப்பகல், மூன்றேகால் மணி. தூக்கம் கெட்டவளுக்கு எதுவும் தோன்றும் என்று மாமியாரே சொல்லிப் பார்த்தாள். இருதயமேரி திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "தூக்கம் கெட்டா பால் கூடவா அந்தரத்துல நிக்கும் அத்தை?" 

1985, ஐப்பசி. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை. கண்டாச்சிபுரத்திலிருந்து குடிவந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஐந்து மாதக் குழந்தை அமலிக்கு விழுங்க வராது. வாயில் விட்ட பால் நெஞ்சுக்குள் போய்விடும். அதனால் மூக்கு வழியாக வயிற்றுவரை மெல்லிய டியூப் விட்டு, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார்கள். மூன்று மணிக்கொரு தரம் பால். ஒரு வேளை தவறினாலும் குழந்தை துவண்டுவிடும்.

ஊற்றுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. நர்ஸ் அடித்துச் சொல்லியிருந்தாள். டியூப்பின் வெளிமுனையை ஒரு டம்ளர் தண்ணீருக்குள் வைக்க வேண்டும். குழந்தை மூச்சுவிடும்போதெல்லாம் குமிழி வந்தால் டியூப் நுரையீரலில் இருக்கிறது. ஒரு சொட்டுகூட விடக்கூடாது. குமிழி இல்லையென்றால், முனையில் சிரிஞ்சை மாட்டி, பாலை ஊற்றி, உயரத் தூக்கிப் பிடிக்கலாம். தானாக இறங்கும். இருபது நிமிடம். அதுவரை எழுந்திருக்க முடியாது. முதுகு அரித்தாலும் திரும்ப முடியாது.

"உம்பொண்ணு மகாராணிடி. படுத்துக்கினே சாப்புடுது, நீ தூக்கிப் புடிச்சிக்கினு கெடக்குற," என்பாள் வீட்டுக்காரம்மா கோவிந்தம்மாள்.

"மகாராணிக்கு ஒரு வேலைக்காரி பத்தாதுங்க. நீங்களும் வந்து புடிங்க," என்பாள் மேரி.

"எனுக்கு அந்த வேலையே வாணாம்மா."

பேச்செல்லாம் வாசலோடு சரி. கோவிந்தம்மாள் அந்த அறைக்குள் கால் வைத்து மேரி பார்த்ததில்லை.

அன்று விடிந்ததிலிருந்து மழை. பஸ் கண்டக்டரான கணவன் மாசிலாமணி திண்டிவனத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். ரோட்டின் மேல் தண்ணீர் ஓடுகிறது, வண்டி எடுக்க மாட்டார்கள் என்று எதிர்க்கடைக்குப் போன் வந்தது. கோவிந்தம்மாள் முன்கட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் கூப்பிட்டாலும் கேட்காது.

2.20. கரண்ட் போனது.

2.35. குழந்தை இரண்டு தும்மல் போட்டது. டியூப் பாதிக்கு மேல் வெளியே வந்து கன்னத்தில் தொங்கியது. ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும். தெருவில் முழங்கால் தண்ணீர். நனைந்தால் குழந்தைக்குச் சளி கட்டும். நர்ஸ் செய்ததை மேரி நாலு தரம் பார்த்திருக்கிறாள். பார்த்த மாதிரியே மெல்ல உள்ளே தள்ளினாள். டியூப்பில் மையால் போட்டிருந்த கோடு மூக்கு நுனிக்கு வந்ததும் நிறுத்தி, பிளாஸ்திரி ஒட்டினாள்.

"வாணாம்..."

சின்னக் குரல். பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று நினைத்தாள். பக்கத்து வீடு ஒரு மாதமாகப் பூட்டிக் கிடப்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

குழந்தை அழுதது. வாய் திறந்தது, முகம் சிவந்தது... சத்தம் மட்டும் வரவில்லை. பசியில் தொண்டை கட்டிவிட்டது என்று மேரி நினைத்தாள்.

3.08. தண்ணீர் டம்ளர் கால் பட்டுக் கொட்டிப் போனது. மறுபடி மொண்டு வர நேரமில்லை. கோடு சரியாகத்தானே இருக்கிறது... பன்னிரண்டு மணிக்குப் பார்த்தோமே... சிரிஞ்சை மாட்டினாள்.

3.12. கட்டிலில் குழந்தையருகே உட்கார்ந்து, டியூப்பைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு பாலை ஊற்றினாள். வலது கையை உயர்த்தினாள். விரலை எடுத்தாள்.

பால் இறங்கவில்லை.

இன்னும் உயர்த்தினாள். அசையவில்லை. அடைப்பாக இருக்கும். சிரிஞ்சின் தண்டைச் செருகி அமுக்கினால் போய்விடும். கட்டில் ஓரத்தில் கிடந்த தண்டை எடுக்க இடது கையை நீட்டினாள்.

மணிக்கட்டு சில்லிட்டது.

விரல்கள்.

ஒன்று... இரண்டு... நான்கு. சின்ன விரல்கள். ஈர விரல்கள். கட்டிலுக்கடியிலிருந்து வந்து இறுக்கின.

உதறினால் சிரிஞ்சு சாயும். எழுந்தால் டியூப் இழுபடும்.

தன் மூச்சு கேட்டது. குழந்தையின் மூச்சு கேட்டது. கீழே, மூன்றாவதாக...

களக்... களக்...

குனிந்து பார்க்கத் துணிவில்லை. டியூப்பை மட்டும் பார்த்தாள். நடுவில் ஓரிடம் தட்டையாக நசுங்கியிருந்தது, யாரோ கிள்ளிப் பிடித்த மாதிரி. அங்கே கை எதுவும் இல்லை.

"ஊத்தாத."

3.19.

"ஊத்தல..." என்றாள் மேரி.

மணிக்கட்டில் பிடி விட்டது.

டியூப்பைக் கிள்ளிக்கொண்டு சிரிஞ்சைக் கழற்றினாள். பானையில் தண்ணீர் மொண்டு வந்தாள். டியூப் முனையை உள்ளே வைத்தாள்.

குமிழி.

குழந்தை மூச்சுவிட்டது.

இன்னொரு குமிழி.

பிளாஸ்திரியைப் பிய்த்து டியூப்பை உருவினாள். குழந்தை வீறிட்டது, இப்போது சத்தம் வந்தது. பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றித் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள்.

"நீயாவா தள்ளுன?" என்றாள் நர்ஸ், புது டியூப் போட்டபடி. "ஒரு ஸ்பூன் உள்ள போயிருந்தா இந்நேரம் பிள்ளை இல்ல. எப்புடித் தெரிஞ்சிது?"

"பால் எறங்கல சிஸ்டர். அப்புறந்தான் தண்ணில வச்சுப் பாத்தேன்."

நர்ஸின் கை நின்றது. "நுரையீரல்ல இருந்தா ஜல்தியா எறங்கும்மா. அது நிக்காது."

அந்த வேளைப் பாலை ஆஸ்பத்திரியிலேயே கொடுத்துவிட்டு மேரி திரும்பி வரும்போது மணி 5.50. ஆறு மணிக்கு அடுத்த பால். போக வேறு அறை கிடையாது. கோவிந்தம்மாள் வாசலில் சிம்னி விளக்கோடு நின்றிருந்தாள்.

"என்னாடி கையில, செவசெவன்னு?"

மேரி சொன்னாள். கோவிந்தம்மாள் சிரிக்கவில்லை. விளக்கைத் தூண்டிவிட்டாள்.

"சொன்னா யாரும் குடி வர மாட்டாங்கன்னு சொல்லலடி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்குத்தான் இந்த ரூம விடறது. கோலியனூர் முனியம்மாள்னு ஒருத்தி இருந்தா. அவ பொண்ணுக்கும் மூக்குல டியூபு. ஒருநாளு டம்ளர்ல பாக்காமயே ஊத்திட்டா. இந்தக் கட்டில்லதான் போச்சு. நாலு மாசக் கொழந்தை."

மேரி விளக்கருகே கையை நீட்டினாள். நாலு விரல் தடங்கள்.

"இது நாலு மாசக் கொழந்தை கை இல்லீங்களே."

கோவிந்தம்மாள் அந்தத் தடங்களையே பார்த்தாள்.

"அது ஆச்சு ஆறு வருசம். இருந்திருந்தா இப்ப ஒண்ணாங்கிளாஸு போய்க்கினு இருக்கும்."