குளிர் நாட்டுக்குப் போன அரைஞாண் கொடி

நான் ஐந்தாவது படிக்கும்போது எங்கள் ஓமலூர்ப் பள்ளிக்கும் இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கும் நட்பு ஏற்பட்டது. நம்மை ஆண்டவர்களே இப்போது நம் பண்பாட்டை அறிய ஆசைப்படுகிறார்கள் என்று தலைமையாசிரியர் பூரித்துப்போனார். ஆளுக்கொரு பழைய பொருள் கொண்டுவரச் சொன்னார். நல்லவற்றைப் பெட்டியில் வைத்து அங்கே அனுப்புவார்களாம்.

மற்றவர்கள் கொட்டாங்குச்சி அகப்பையும் ஓலை விசிறியும் கொண்டுவந்தார்கள். நான் அம்மாவின் பட்டுச்சேலைக்கு அடியிலிருந்த சின்ன வெள்ளி அரைஞாண் கொடியை எடுத்துப்போனேன். அதைச் சுற்றியிருந்த மஞ்சள் துணி அழுக்காக இருந்ததால் விட்டுவிட்டேன். அம்மாவைக் கேட்க மறந்தேனா, கேட்டால் தரமாட்டார் என்று கேட்காமல் இருந்தேனா, இன்றும் எனக்கு நிச்சயமில்லை.

அங்கிருந்து வந்திருந்த வெள்ளைக்கார டீச்சர் கொடியைத் தூக்கிக் காட்டினார். எல்லோரும் எனக்காகக் கைதட்டினார்கள்.

நான்கு நாள் கழித்துத்தான் அம்மா வெறும் துணியைப் பார்த்தார். அடிக்கவில்லை. துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பள்ளிக்கு இழுத்துப்போனார். பெட்டி முந்தைய நாளே போய்விட்டிருந்தது.

"குடுத்ததத் திருப்பிக் கேக்கலாங்களா? நம்மூருக்கே பெருமைங்கம்மா," என்றார் தலைமையாசிரியர்.

அம்மா துணியை நான்காக மடித்தார். பிறகு அதை நீட்டினார். "இதையாச்சும் அனுப்ப முடியுங்களா சார்? குளுரு நாடுங்கறாங்க. எதுவும் சுத்தாம வெறுமனே வெச்சிருப்பாங்க."

"வெள்ளிக்கு எங்கங்க குளுரப்போவுது?" என்று அவர் சிரித்தார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன்.

எனக்கு முன் ஓர் அண்ணன் பிறந்து எட்டு மாதம் இருந்தான் என்பதைப் பெரியம்மா சொன்னது, என் மகனுக்கு அரைஞாண் கட்டிய அன்றுதான். இப்போது மகன் தூங்கும்போது போர்வையை இழுத்துவிடுகிறேன், மூச்சு முட்டுமோ என்று விலக்குகிறேன், மறுபடியும் இழுத்துவிடுகிறேன்.

அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. சில மாதங்களில் அங்கிருந்து ஒரு பெட்டி வந்தது. சிவப்புப் பேருந்து பொம்மை, தேயிலை டப்பா, ஒரு புகைப்படம். படத்தில் எங்கள் பொருட்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தன. கொடியின் கீழே, பொம்மைக்கு அணிவிக்கும் சங்கிலி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஒருநாள் மட்டும் என்று கெஞ்சிப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு, கொடி இருந்த இடத்தை முந்தானையால் மெல்ல மூடினார்.

"மறைக்காதம்மா, நான் பாக்கோணும்," என்று முந்தானையை இழுத்துவிட்டேன்.