முகப்பில் எத்தனை போட்டோ வரும்?

நெதர்லாந்தின் இந்தச் சின்ன நகரத்துக்கு நான் குடிவந்த மூன்றாவது வாரம், தோட்டச் சங்கத்தின் இணையதளத்தை அப்படியே என் கையில் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நகராட்சி தன் நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, காய்கறி போட்டுக்கொள்ள வாடகைக்கு விடுகிறது. ஃபோல்க்ஸ்டௌன் என்று அதற்குப் பெயர். இந்தக் குளிரில் வெண்டை முளைக்குமா என்று பார்க்க நானும் ஒரு துண்டு எடுத்திருந்தேன். சங்கச் செயலாளர் ஹென்க், ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். எனக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று கேள்விப்பட்டதும் விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்து, தண்ணீர்க் குழாய் அடைக்கப்படும் அறிவிப்பைப் போடச் சொன்னார். வெளியாகும் முன்னால் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். எனக்குப் போடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, பொத்தானைத் தொட்டுக் காட்டினார். யாருடைய அனுமதி வேண்டும் என்று மறுபடி கேட்டேன். “நீதானே எழுதினாய்?” என்றார். கேள்வியே புரியாத முகத்தோடு தன் வெங்காயத்தைப் பார்க்கப் போய்விட்டார். அன்று எனக்குச் சிரிப்பு வந்தது. இன்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ஏன் எரிகிறது என்று சொல்கிறேன். ஐரோப்பாவில் இருக்கும் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரர்கள் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருக்கிறோம். பொங்கலுக்குக் கூடுவோம், பட்டுப் புடவைகளோடு படம் எடுத்துக்கொள்வோம், ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று பேசிவிட்டுக் கலைவோம். ஒரு வருஷம் நிஜமாகவே ஒன்று செய்யத் துணிந்தோம். கல்வராயன் மலையில் பூங்கொடி என்ற பெண் நடத்தும் மலைவாழ் பெண்கள் சங்கத்துக்கு இணையதளம் அமைத்துத் தருவதாகச் சொன்னோம். பூங்கொடி வெள்ளிமலையில் ஒரு ஜெராக்ஸ் கடை ஓரத்தில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் மனு எழுதித் தருகிறவள். மலையில் ஊர்கள் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருக்கின்றன, பல வீடுகளில் பட்டன் போன் மட்டும்தான். தளத்தில் ஓர் அறிவிப்பு வெளியானால் அது தானாகவே எல்லா ஊருக்கும் எஸ்.எம்.எஸ். ஆகப் போய்விட வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றுதான். நிரல் எழுதத் தெரியாதவர்களும் தளம் நடத்த உதவும் மென்பொருள்கள், திறந்த மூலத்தில் விலையில்லாமலே கிடைக்கின்றன. அவற்றில் எது நல்லது என்று பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

மூன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அந்த விடுமுறையில் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்திலிருந்து மலைக்கு ஏறினேன். சிக்னல் கிடைக்கும் இடம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், மரவள்ளிக் காட்டின் ஓரம். பூங்கொடி இடுப்பில் குழந்தையோடு அங்கே நின்று, கீறல் விழுந்த தன் போனில் மூன்றையும் போட்டுப் பார்த்தாள். முதலாவது திறக்காமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டாவதின் பொத்தான்கள் பெரிய திரைக்குச் செய்தவை, அவள் போனில் பாதி வெளியே போய்விட்டன. மூன்றாவதில் நாலே தட்டில் அறிவிப்பு ஏறிவிட்டது. “இது போதுங்கண்ணா. புள்ளய வெச்சிக்கினே போட்டுடலாம்” என்றாள். அத்தோடு என் ஆய்வு முடிந்திருக்க வேண்டும். படித்தவன் அல்லவா, விடுவேனா? திரும்பி வந்து பாதுகாப்பு, வேகம், தமிழ் எழுத்து, வெளியாகும் முன் சரிபார்க்கும் வசதி என்று கட்டம் கட்டி, மதிப்பெண் போட்டு, பத்துப் பக்க அறிக்கை எழுதினேன்.

ஜூமில் கூட்டம் நடந்தது. எங்கள் தலைவர் ஜெர்மனியில் பெரிய வேலையில் இருப்பவர், கள்ளக்குறிச்சி டவுன்காரர். அறிக்கையை அவர் திறக்கவே இல்லை. “தம்பி, முகப்புல எத்தினி போட்டோ வரும்?” என்று கேட்டார். நம் ஊர்ப் பக்கம் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் வைத்தால், குழந்தை ஒரு மூலையிலும் மாமன் மச்சான்கள் வரிசை வரிசையாகவும் இருப்பார்களே, அந்த ஃப்ளெக்ஸை இவர்கள் விமானத்தில் ஏற்றிக்கொண்டே வந்துவிட்டார்கள். யார் படம் மேலே, யார் படம் கீழே என்று முக்கால் மணி நேரம் போனது. பிறகு யார் யாருக்கு என்ன அதிகாரம் என்ற பேச்சு வந்தது. நிர்வாகி எல்லாம் செய்யலாம், ஆசிரியர் வெளியிடலாம், பங்களிப்பாளர் எழுதி அனுப்ப மட்டும்தான் முடியும், மேலே உள்ளவர் சரி என்றால்தான் வெளியாகும் என்று விளக்கினேன். தலைவர் யோசிக்கவே இல்லை. “அந்தப் பொண்ண கடைசில போடு. மலைக்காரங்க, இன்னா எழுதுவாங்கன்னு சொல்ல முடியாது. நாம பாத்து வுடலாம்” என்றார். பதினாறு பேர் இருந்தோம். ஒருவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. சரிபார்க்கும் வசதிக்கு முழு மதிப்பெண் போட்டவனே நான்தானே. முகம் தெரியாத யார் யாரோ எழுதி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று உலகத்துக்கே திறந்து வைத்த மென்பொருள் அது. அதற்கும் தாழ்ப்பாள் போட நம்மால் முடிந்தது.

தளம் ஆறு மாதம் நன்றாகவே ஓடியது. சாமை விதை, பஸ் நேரம் என்று அவள் போட்டவற்றைத் தலைவர் உடனுக்குடன் விட்டார், அதனால் தாழ்ப்பாள் இருப்பதே அவளுக்குத் தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை பூங்கொடி ஓர் அறிவிப்பு எழுதினாள். வெள்ளிக்கிழமை அதிகாரிகளே மலைக்கு வந்து, விசாரித்து, சாதிச் சான்றிதழ் கொடுக்கப்போகிறார்கள், படிக்கிற பிள்ளைகள் தவறாமல் வர வேண்டும். நன்றி என்று திரை சொன்னது, அவள் போய்விட்டதாக நம்பினாள். ஒப்புதல் கேட்டு, நிர்வாகிகளான தலைவருக்கும் எனக்கும் மின்னஞ்சல் வந்தது. செவ்வாய்க்கிழமை ரயிலில் நான் அதைப் பார்த்தேன். ஒரு தட்டு தட்டினால் முடிந்தது. ஆனால் பெரியவர் பார்க்கும் முன் நான் கை வைத்தால், என்னைத் தாண்டிப் போகிறான் என்று வருத்தப்படுவாரே என்று விட்டுவிட்டேன். அவரோ முகாம் என்பது பெரிய விஷயம், மன்றத்தின் பெயரும் தன் படமும் போட்டு பேனர் செய்து வெளியிடலாம் என்று ஆளிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பேனர் சனிக்கிழமை வந்தது. சனிக்கிழமையே அறிவிப்பும் மலையெங்கும் போனது.

அந்தக் காகிதம் என்னவென்று தெரியாதவனாக நான் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. மணலூர்பேட்டைப் பக்கத்தில் கரும்பு வெட்டப்போன என் அப்பா, எனக்குச் சான்றிதழ் வாங்க நாலு நாள் வேலைக்குப் போகாமல் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றிருக்கிறார். நாலாவது நாள் பஸ்ஸில் வரும்போது அதைச் சட்டைக்குள் வைத்து, மேலே கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். அதை வைத்துத்தான் எனக்கு விடுதி கிடைத்தது, கல்லூரி கிடைத்தது, இந்த ரயிலும் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூங்கொடி கூப்பிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அமைதியாகத்தான் பேசினாள். சனிக்கிழமை செய்தி போனதும் தளத்தைப் பார்த்து, அது எங்கள் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்ததைக் கண்டுபிடித்திருந்தாள். மேல் ஊரில் செல்வி என்று ஒரு பெண், பிளஸ் டூ முடித்து நர்சிங் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாளாம். சான்றிதழ் கொடுக்கக் கடைசி நாள் மறுநாள். “மெசேஜ் போயிருக்கும்னு நம்பிக்கினு முகாம்ல ஒக்காந்திருந்தங்கண்ணா. மேல இருந்து ஒருத்தரும் வரல. எங்க ஊருக்கு நான் ஒண்ணு சொல்றதுக்கு, நீங்க இன்னாத்துக்குங்கண்ணா சரி சொல்லணும்?” என்று கேட்டாள்.

தலைவரைக் கூப்பிட்டேன். “ஒரு நாளு லேட்டு, அதுக்கு இன்னா இப்ப? அடுத்த முகாம் வராமயா பூடும்” என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரியவரைப் பார்த்துக் கத்தினேன். கத்தியதில் பாதி எனக்கே சொல்லிக்கொண்டது என்பது கத்தும்போதே தெரிந்தது. அவருடைய அதிகாரத்தை நீக்கினேன், பூங்கொடியை நிர்வாகி ஆக்கினேன், என்னுடையதையும் நீக்கினேன். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை. அன்று மாலையே மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னைத் தூக்கினார்கள். பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. செல்வி இந்த வருஷம் அம்மாவோடு மரவள்ளி பிடுங்கக் கூலிக்குப் போகிறாள், அதைத் தளத்தின் எந்த அமைப்புப் பக்கத்தில் போய் மாற்றுவது?

கொஞ்ச நாள் கழித்து, என் எண்ணையும் எஸ்.எம்.எஸ். பட்டியலில் சேர்க்கச் சொல்லி பூங்கொடியிடம் கேட்டேன். எண்ணோடு ஊரையும் குறித்தால்தான் சேரும். எந்த ஊர் என்று போடுவது என்று கேட்டாள். மலையில் எனக்கு ஊர் ஏது என்றேன். அப்படியானால் மேல் ஊரிலேயே போட்டு வைப்பதாகச் சொன்னாள். செல்வியின் ஊர். வேண்டுமென்றே செய்தாளா என்று நான் கேட்கவில்லை.

நேற்று மதியம் அலுவலகச் சாப்பாட்டு மேசையில், பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி கையில் இருக்கும்போது போன் அதிர்ந்தது. “மேல் ஊர் ரோட்டுல மண்ணு சரிஞ்சி கீது. நாளைக்குக் காலைல வூட்டுக்கு ஒரு ஆளு மம்புட்டியோட வரணும். வராத வூட்டுப் பேரு எழுதி வெக்கப்படும்.” எதிரே இருந்த சக ஊழியர், “வீட்டிலிருந்தா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்று காலை அங்கே மண்ணை வாரியிருப்பார்கள், செல்வியும் வந்திருப்பாள், கடைசியில் யாராவது ஒருவர் வராத வீடுகளை எழுதியிருப்பார். என் பெயரையும் எழுதியிருக்க வேண்டும். எஸ்.எம்.எஸ். பட்டியலை விட்டால், அந்த ஊரில் நான் இருக்கும் பட்டியல் அது ஒன்றுதான்.