உப்பு நிறைந்திருக்கிறது

எங்கள் வீட்டில் எந்தப் பொருளும் தீர்ந்துபோனதே கிடையாது. ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினாலும் ஒரு கல் விழாத நாளில்கூட அம்மா "உப்பு நெறஞ்சிருக்கு" என்றுதான் சொல்வாள். "இல்லை" என்று சொன்னால் அந்தச் சொல்லே வீட்டுக்குள் வந்து குடியேறிவிடும் என்பது அவள் கட்சி. ஆகவே எங்கள் வீட்டில் அரிசி நிறையும், பருப்பு நிறையும், மண்ணெண்ணெய் நிறையும். நிறைந்த மறு நிமிஷம் நான் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்கு ஓட வேண்டும். "எண்ணெ நெறஞ்சிருச்சி" என்று நீட்டினால் கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்காமல் அளந்து ஊற்றுவார். அவர் வீட்டிலும் எல்லாம் அப்படித்தான் நிறையும்.

யுத்த காலம் அது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குக் கலெக்டர் கச்சேரியில் குமாஸ்தா வேலை. எனக்கு எட்டு வயது. ரேஷனில் கிடைத்த அரிசியில் கல்லைப் பொறுக்குவதைவிட அரிசியைப் பொறுக்கி எடுப்பது சுலபம் என்று அப்பா சொல்வார். அப்பா பேசுவதே அபூர்வம், அதனால் இது எனக்கு நினைவிருக்கிறது. அந்த வருஷம் எங்கள் வீட்டில் நிறைந்த மாதிரி எந்த வருஷமும் எதுவும் நிறைந்ததில்லை.

அந்தப் புரட்டாசியில்தான் சிதம்பரத்திலிருந்து மாமாவைக் கொண்டுவந்தார்கள். ஜட்கா வண்டியிலிருந்து அப்பாவும் வண்டிக்காரரும் தூக்கி இறக்கியது என் மாமாதான் என்று எனக்குத் தெரியவில்லை. என் மாமா சிதம்பரத்தில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். ஒரு கையால் என்னைத் தூக்கித் தோளில் உட்கார வைப்பவர். மார்கழித் தேரில் வருஷா வருஷம் வடத்தின் முன்வரிசையில் நிற்பவர். தான் கை வைக்காவிட்டால் நடராசர் நிலையைவிட்டு ஒரு அடி நகரமாட்டார் என்று எங்களிடம் சொல்லியிருந்தார். அதை நான் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தேன். இப்போது வந்திருந்தவருக்குத் தலையில் முடி இல்லை. கால் இரண்டும் முருங்கைக்காய் மாதிரி இருந்தன. விஷ ஜுரம் நாற்பது நாள் அவரைப் பிழிந்து எடுத்திருந்தது.

அவர் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. இடுப்பில் தூக்கி வளர்த்தது அம்மாதான். அந்த மாமா எங்கள் கூடத்தில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார், படுத்தவர் திரும்பவேயில்லை. கஞ்சியைக் கொண்டுபோனால் இரண்டு வாய், பிறகு தலையை ஆட்டிவிடுவார். வந்து பார்த்த டாக்டர் அம்மாவை வாசலுக்கு அழைத்து, ஜுரம் போய்விட்டது, இனி மருந்துக்கு வேலையில்லை, சாப்பிட்டால் எழுந்துவிடுவார் என்றார். சாப்பிடாவிட்டால் என்ன என்பதை அவரும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. கேட்டு, அந்தச் சொல்லும் குடியேறிவிட்டால் என்ன செய்வது?

அன்று சாயங்காலம் அம்மா விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது மாமா சுவரிடம் பேசுவதுபோல் சொன்னார்.

"வுட்டுடுக்கா. இனிமே எனக்கு ஒண்ணும் இல்ல."

வேறு எந்த நேரத்தில் சொல்லியிருந்தாலும் அம்மா அழுதிருப்பாள். விளக்கு வைக்கிற நேரத்தில் அவள் வீட்டில் "இல்ல" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை.

"என் வூட்ல வெளக்கு வெக்கசொல்ல அந்த வார்த்தய எடுக்காத. இன்னிலேர்ந்து நான் வெளக்க ஏத்துனதும், இன்னிக்கு ஒனக்கு என்னா கெடச்சிதுன்னு ஒண்ணு சொல்லணும். சொன்னாத்தான் மாடத்துல வெப்பேன். அதுவரிக்கும் கையிலயே வெச்சிக்கினு நிப்பேன்."

நின்றாள். அகல் சூடேறி, அதை வலது கையிலிருந்து இடது கைக்கும் இடதிலிருந்து வலதுக்கும் மாற்றிக்கொண்டே நின்றாள். அப்பா கச்சேரியிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கொசு கெடச்சிது."

அம்மா சிரிக்கவில்லை. பெரிய வரம் கிடைத்த மாதிரி விளக்கை மாடத்தில் வைத்துக் கும்பிட்டாள். உள்ளே போய் ஒரு பிடி அரிசி எடுத்துவந்து ஒரு புது மண்கலயத்தில் போட்டாள். மாமா எழுந்து நடந்து இந்த மார்கழியில் தேர் வடத்தைத் தொட்டால், அந்தக் கலயத்து அரிசியைச் சிதம்பரத்தில் பொங்கித் தேர் இழுக்க வந்தவர்களுக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். கொசுவுக்கெல்லாமா அரிசி என்று நான் கேட்டதற்கு, கொடுத்ததைக் குறை சொல்லக்கூடாது என்று என் தலையில் குட்டினாள்.

மறுநாள் மாமாவுக்கு மூட்டைப்பூச்சி கிடைத்தது. அதற்கு மறுநாள் "மாமாவோட கொறட்ட" என்றார். என் அப்பாவைத்தான் சொன்னார். அப்பா அதைக் கேட்டு, "மச்சான், அதுக்கு ரெண்டு பிடி போடணும், அவ்ளோ நேரம் விட்டேன்" என்றார். அம்மா ஒரு பிடிதான் போட்டாள்.

ஒரு வாரத்தில் மாமாவிடம் பூச்சிகளின் கையிருப்பு தீர்ந்துவிட்டது. எத்தனை வகைப் பூச்சிதான் ஒரு வீட்டில் இருக்கும்? சாயங்காலம் அம்மா விளக்கோடு வந்து நின்றுவிடுவாள் என்ற பயத்தில் மத்தியானத்திலிருந்தே எதையாவது தேட வேண்டியிருந்தது. சுவரில் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் ஒரு நாள் புரண்டு சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். அம்மா அதைப் பார்த்தும் பார்க்காததுபோல அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சன்னல் வழியே நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு வண்டிகள் தெரியும். அன்று அவர் "கரும்பு வாசன" என்றார். மறுநாள் நான் வண்டிக்குப் பின்னால் ஓடி ஒரு கரும்பை உருவிக்கொண்டு வந்தேன். வண்டிக்காரர் என் பரம்பரையையே திட்டினார். பத்தியத்துக்கு ஆகாது என்று தெரிந்தும் அம்மா ஒரு துண்டை நசுக்கி, அவர் நாக்கில் நாலு சொட்டு விட்டாள். அன்றைக்குச் சொல்ல மாமாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. பிறகு தினம் ஒன்று வந்தது. மழை பிடித்துக்கொண்ட நாளில் ஒழுகாத மூலை. தலையில் பூனை ரோமம்போல் முளைத்த முடி. சுண்டைக்காய் வற்றலின் கசப்பு நாக்குக்குத் தெரிந்தது. ஒரு நாள் "பாப்பா" என்று என்னைச் சொன்னார். எனக்காக விழுந்த அந்தப் பிடி அரிசி மற்றவற்றைவிடப் பெரிது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். மாமாவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அவர் வாய் திறந்து சொல்லச் சொல்ல வயிறும் திறந்தது. இரண்டு வாய் கஞ்சி ஒரு கிண்ணம் ஆயிற்று, கஞ்சி சோறாயிற்று. ரேஷன் அரிசி மட்டும் அதே அளவில்தான் வந்தது. அம்மா எங்கள் மூவருக்கும் போட்டுவிட்டு, தான் ஒரு சொம்பு வடிகஞ்சியோடு உட்காருவாள். அப்பா நிமிர்ந்து பார்த்தால், "ஒலையண்ட நின்னு நின்னு எனக்கு வயிறு நெறஞ்சிருக்கு" என்பாள். சமைக்கிறவர்களுக்கு வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும் என்று நான் தெரிந்துகொண்டேன். பெரியவளானதும் கலியாணச் சமையலுக்குப் போவது என்று முடிவுகூடச் செய்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள், மழை விட்டு வெயில் மஞ்சளாக அடித்த சாயங்காலம். அன்று மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, மிளகு ரசம் விட்ட சோற்றைத் தட்டு காலியாகும்வரை சாப்பிட்டிருந்தார். அம்மா விளக்கோடு வந்து நின்றாள். மாமா அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார்.

"எதக்கா சொல்றது? மனசு நெறஞ்சிருக்கு."

அம்மா விளக்கை அவசரமாக மாடத்தில் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அழுதாள்.

எங்கள் வீட்டில் ஒரு பொருள் நிறைந்துவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? மாமாவுக்கு மனசு தீர்ந்துவிட்டது. அம்மா வேறு அழுகிறாள். கால் தானாகவே தெருமுனைக்கு ஓடிற்று. ஓடும்போது வழக்கப்படி கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன், அங்கே போய்த்தான் அது என் கையில் இருப்பதைப் பார்த்தேன்.

"எங்க மாமாவுக்கு மனசு நெறஞ்சிருச்சி. அம்மா அழுவுது" என்று கதறினேன்.

கடைக்காரர் கிண்ணத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டு நிறைவுகளில் பழகியவர் அல்லவா, மேற்கொண்டு அர்த்தம் கேட்கவில்லை.

"எப்ப பாப்பா?"

"இப்பதான். வெளக்கு வெக்கசொல்ல."

அவர் தராசைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை இடுப்பில் கட்டினார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் தலையை முடிந்துகொண்டே ஓடிவந்தார். சாமான் வாங்க வந்திருந்த நாலைந்து பேரும் கூடவே கிளம்பினார்கள். எங்கள் வாசலுக்கு வருமுன்பே அந்த அம்மாள், "என் ராசா! தேரு இழுத்த கையாச்சே!" என்று ஆரம்பித்துவிட்டார். நானும் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டு, அவரைவிட உரக்க அழுதேன்.

அப்போது கதவு திறந்தது. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மாமா நின்றார்.

"என்னா சத்தம்? யாருக்கு என்னா ஆச்சி?"

கடைக்காரருக்குப் பொய் சொல்ல வராது. "ஒனக்குத்தாம்பா" என்றார்.

மாமா என் கையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். விஷயம் புரிந்து சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிற்க முடியவில்லை, வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பழைய மாமாவாகவே சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். ஒப்பாரியை எங்கே விடுவது என்று தெரியாமல் அவர் சம்சாரம் என் முதுகில் ஒன்று வைத்தார். பின்கட்டிலிருந்து ஓடிவந்த அம்மாதான் சிரிக்கவில்லை.

"நீயாவா நடந்து வந்த?"

மாமா திரும்பிக் கூடத்தைப் பார்த்தார். பாய்க்கும் வாசலுக்கும் இருபது அடி இருக்கும். யாரும் பிடிக்காமல் வந்திருக்கிறார், அவருக்கே தெரியவில்லை. மறுநாள் விளக்கு வைக்கும்போது, "உசுரோட இருக்கசொல்லவே என் எழவுக்கு இத்தினி பேர் வந்தாங்களே, அது" என்றார். அம்மா அவர் வாயைப் பொத்தி முதுகில் அடித்தாள், அப்புறம் பிடி அரிசியும் போட்டாள்.

எனக்குக் குழப்பம் தீரவில்லை. உப்பு நிறைந்தால் ஒரு அர்த்தம், மனசு நிறைந்தால் ஒரு அர்த்தம் என்றால் நான் எப்படித் தெரிந்துகொள்வது என்று அம்மாவிடம் சண்டை போட்டேன். அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள்.

"சாமானுக்குத்தாண்டி அப்பிடி. மனுசங்களுக்கு நெறஞ்சிருக்குன்னா நெசமாவே நெறஞ்சிருக்கு" என்றாள். நான் அதை வேதமாக வைத்துக்கொண்டேன்.

மார்கழியில் சிதம்பரத்துக்கு ரயிலேறினோம். கலயம் அம்மா மடியில் இருந்தது. அதற்குள் கழுத்துவரை அரிசி ஏறியிருந்தது. ரேஷன் தாமதமான வாரத்திலும் அவள் அதில் கை வைக்கவில்லை. தேரன்று காலையில் நாங்கள் கீழவீதிக்குப் போய்ச் சேர்வதற்குள், மாமா கை வைக்காமலே நடராசர் நிலையைவிட்டுக் கிளம்பி வெகுதூரம் போயிருந்தார். பள்ளிக்கூடத்தில் இதைச் சொல்ல வேண்டாம் என்று தீர்மானித்தேன். கூட்டத்தில் அப்பா தோள் கொடுக்க, மாமா வடத்தைத் தொட்டு, அதோடு நாலு அடி நடந்தார். அவ்வளவுதான் முடிந்தது. வெளியே வந்தபோது, உள்ளங்கையை அம்மாவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினார். அம்மா அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மாமாவின் சைக்கிள் கடைக்குப் பின்புறம் அம்மா பொங்கினாள். தேர் இழுத்துக் களைத்து வந்தவர்களுக்குச் சோறும் பூசணிக்காய்க் குழம்பும் போட்டு, கடைசிப் பந்தியில் நாங்கள் நாலு பேரும் உட்கார்ந்தோம். அம்மா முதல் முறை போட்டுக்கொண்டதைச் சாப்பிட்டாள். இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். மூன்றாம் முறை தவலையை அருகில் இழுத்து, அடியில் இருந்ததையும் வழித்துப் போட்டுக்கொண்டாள். யாரையும் பார்க்காமல், குனிந்த தலை நிமிராமல், வேகமாகச் சாப்பிட்டாள். அம்மா அப்படிச் சாப்பிட்டு நான் பார்த்ததேயில்லை. எனக்கு வெட்கமாகவும் வேடிக்கையாகவும் இருந்தது.

"ஏம்மா, தெனமும் வயிறு நெறஞ்சிருக்கு, வயிறு நெறஞ்சிருக்குன்னு சொல்லுவியே, இன்னிக்கு மட்டும் என்னா ஆச்சி ஒனக்கு?" என்று உரக்கக் கேட்டேன்.

"சும்மா சாப்புடுடி" என்றாள் அம்மா. அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவின் கை சோற்றில் அப்படியே நின்றுவிட்டது. மூலையில் கவிழ்த்து வைத்திருந்த கலயத்தைப் பார்த்தார், அம்மாவின் இலையைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டிற்று.

குழம்பில் காரம் ஜாஸ்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் தண்ணீர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.